ட்ரவுசரிலேயே போய்விடும் பையன்: அடிக்கும் முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி, போடியிலிருந்து ஒரு அம்மா:

"என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலேயே கக்கூஸ் பழகிவிட்டான். இப்போது சில மாதமாக ட்ரவுசரிலேயே போய்விடுகிறான். கேட்டால் 'எனக்குத் தெரியல' என்கிறான். தங்கச்சிப் பாப்பா பிறந்ததில் பொறாமை, வேண்டுமென்றே செய்கிறான், நாலு போடு போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். குழந்தை டாக்டரிடம் போவதா, மனநல டாக்டரிடம் போவதா, மந்திரிக்கப் போவதா ஒன்றும் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

11 ஜனவரி 2025, இரவு

சகோதரி, அடிக்க வேண்டாம். அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. 'தெரியல' என்று சொல்கிறான் பாருங்கள், அது நிஜம். அதை அப்படியே நம்புங்கள். என் மகனும் இதே சொல்லைத்தான் சொன்னான்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். குழந்தை எதற்காகவோ ஒரு தடவை அடக்குகிறது. போன முறை வலித்திருக்கலாம், பள்ளிக்கூட லெட்ரின் நாற்றமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், வீட்டில் எல்லாமே தன் பிடியை விட்டுப் போகிற நேரத்தில் இந்த ஒன்றையாவது விடக்கூடாது என்று அதற்கே தெரியாமல் இறுக்கிப் பிடித்திருக்கலாம். அடக்கி வைத்த மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகிக் கட்டியாகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்கும். வாரக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்துவிடுகிறது. நான் வேலை பார்க்கும் கடையில் ஏலக்காயை அளவுக்கு மீறி அமுக்கிக் கட்டின சாக்கு, காலி செய்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாமல் விரிந்தே கிடக்கும், அதுபோலத்தான். விரிந்த குடலுக்கு 'நிறைந்துவிட்டது, போ' என்று சொல்லும் உணர்ச்சி மழுங்கிவிடும். அப்புறம் மேலேயிருந்து வருகிற இளகின மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து ஜட்டியில் இறங்கும். கசிவது அவனுக்குத் தெரியாது. எந்நேரமும் அதே நாற்றத்தில் இருப்பதால் மூக்குக்கும் தெரியாது.

இதைப் பார்த்துப் பல பேர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து, நிறுத்துகிற மருந்து கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது நேர் எதிர். இப்படி ஜட்டியில் போகும் குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அடியில் மலச்சிக்கல்தான் இருக்கிறது. நான்கு வயதுக்கு மேல், மாதம் ஒரு தடவையாவது, மூன்று மாதம் தொடர்ந்து நடந்தால் டாக்டர்கள் இதை என்கோப்ரிசிஸ் என்கிறார்கள். பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஊரில் நம் பிள்ளை ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் குழந்தை டாக்டர். தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் அவர் கை வைத்து அமுக்கிப் பார்ப்பார். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, போய்விட்டு வாருங்கள், ஆனால் அதற்காக டாக்டரைத் தள்ளிப் போடாதீர்கள்.

12 ஜனவரி 2025

எங்கள் கதையையும் சொல்கிறேன், கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் முன்னால் கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்தோம். லெட்ரின் லயத்துக்குப் பின்னால் தனியாக, கொஞ்சம் தூரத்தில் இருக்கும். மழைக்காலத்தில் அட்டை, ராத்திரியில் பன்றி பயம். பையனை ராத்திரி கூட்டிப் போவது என் மாமனார்தான், டார்ச் லைட்டும் குடையுமாக. இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்பார்கள். 2023 கோடையில் மாமனார் தவறிவிட்டார். பையனைப் பார்த்துக்கொள்ள மேலே ஆள் இல்லை, அதனால் ஜூனில் பள்ளி திறக்கும்போது கீழே கூடலூருக்கு என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம் (தேனி கூடலூர், நீலகிரிக் கூடலூர் இல்லை). நான் தினமும் குமுளிக்குக் கடை வேலைக்குப் போகிறேன், மனைவி தோட்டத்து ஜீப்பில் விடியற்காலையில் மலைக்குப் போய் இருட்டின பிறகு திரும்புவாள்.

அப்போது அவனுக்கு ஆறு வயது. தாத்தா இல்லை, பகலில் அம்மா இல்லை, ஊர் புதுசு, மலையாளப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்துவிட்டு இங்கே தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எல்லாம் ஒரே மாதத்தில். ஆடி மாதத்தில் ஆரம்பித்தது.

முதலில் கறை. சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானது. பிறகு ஜட்டிகள் காணாமல் போயின. அப்பத்தா வீடு கூட்டும்போது அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்தார். ஒளித்து வைப்பதைப் பார்த்துத்தான் 'கள்ளத்தனம் பண்றான், எல்லாம் தெரிஞ்சுதான் செய்றான்' என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். ஒளிக்கிற பிள்ளை வெட்கப்படுகிற பிள்ளை. இந்தக் கஷ்டம் உள்ள பல வீடுகளில் எங்கோ ஒரு மூலையில் ஜட்டி ஒளிந்திருக்கும்.

14 ஜனவரி 2025

பொங்கல் லீவிலேயே ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டால் லீவுதான் நல்ல நேரம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், இன்று வீட்டில் ஆட்கள்.

14 ஜனவரி 2025, மறுபடியும்

ஒன்று மட்டும் இப்போதே. ஒருவர் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் சோப்புத் துண்டு. கைக்குழந்தைக்கு நம் பாட்டிமார் செய்ததுதான், தெரியும். ஏழு வயதுப் பையனுக்குச் செய்யாதீர்கள். அந்த இடத்தில் வலிக்கும் என்கிற பயத்தில்தான் அவன் அடக்கவே ஆரம்பித்திருக்கிறான். அங்கே கை வைத்தால், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு எனிமா கொடுத்தால், பயம் இரண்டு மடங்காகும். வாய் வழியாகக் கொடுக்கிற மருந்திலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுத்தமாகிவிடுகிறது.

19 ஜனவரி 2025

சரி, வைத்தியம். நான் டாக்டர் இல்லை, எங்கள் டாக்டர் சொன்னதையும் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன். அளவெல்லாம் எடையைப் பார்த்து அவர்கள்தான் எழுத வேண்டும்.

இரண்டு கட்டம். முதல் கட்டம் உள்ளே அடைத்திருப்பதை வெளியேற்றுவது. பாலிஎதிலீன் கிளைக்கால் என்கிற பவுடரைத் தண்ணீரில் கலந்து சில நாள் அதிக அளவில் கொடுப்பார்கள். அது குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும், உடம்பில் அநேகமாகச் சேராது. இந்த நாட்களில் நிலைமை மோசமான மாதிரித் தெரியும், ஜட்டி ஜட்டியாகப் போகும். அதற்குத்தான் லீவு நாள் வேண்டும், வீட்டில் ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். பல பேர் இங்கேதான் பயந்து 'மருந்து ஒத்துக்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாம் கட்டம் நீளம். மலம் மறுபடி கட்டியாகாமல் தினமும் குறைந்த அளவில் பவுடர் (சிலருக்கு லாக்டுலோஸ் சிரப்). குறைந்தது இரண்டு மாதம் என்று டாக்டர்களின் வழிகாட்டு நெறி சொல்கிறது, பல பிள்ளைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். விரிந்த குடல் சுருங்கி உணர்ச்சி திரும்ப அவ்வளவு நாள் வேண்டும். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். 'பழகிப்போய் அப்புறம் மருந்து இல்லாமல் போகவே முடியாது' என்று எங்கள் வீட்டிலும் பயந்தார்கள். இந்தப் பவுடருக்கு அப்படி அடிமைத்தனம் கிடையாது. மருந்தை நிறுத்தினதும் திரும்ப வருகிறது என்றால் பெரும்பாலும் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

மருந்தோடு கூட உட்காருவது. சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள். அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், போனாலும் போகாவிட்டாலும். உட்கார்ந்ததற்குத்தான் பாராட்டு. போனதற்குப் பாராட்டினால் போகாத நாள் தோற்ற நாளாகிவிடும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் பலகை போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். நம் இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்காருவது இதற்கு ரொம்ப நல்லது, ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கால் அகட்டி வைக்க முடியாமல் உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயம் வரும், பயந்தால் தசை இறுகும். எங்கள் வீட்டில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்தேன். சின்ன வேலை, ஆனால் அதற்கப்புறம்தான் உட்கார்ந்தபடி பாட்டுப் பாட ஆரம்பித்தான்.

இங்கே தமிழ்நாட்டுப் பக்கம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள் (2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும்). நல்ல திட்டம், அதிகாலையிலேயே ஜீப் ஏறும் அம்மாக்களுக்குப் பெரிய உபகாரம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மகன் அங்கே உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டு முடித்ததும் சரியாக பிரேயர் நேரத்தில் அவனுக்கு வயிறு அசையும். வரிசையில் நிற்கும்போது கேட்க வெட்கம், அடக்குவான், அப்புறம் மத்தியானம் கசியும். இதைக் கண்டுபிடித்தது எங்கள் டாக்டர், 'சாப்பாடு எத்தனை மணிக்கு, அதற்கப்புறம் அரை மணி நேரம் பையன் எங்கே இருக்கிறான்' என்று கேட்டார். நான் அவன் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சாப்பாடு முடிந்ததும் யாரும் கவனிக்காதபடி டீச்சர்கள் டாய்லெட்டுக்கு அவனை அனுப்பி வைத்தார். வகுப்பில் யாருக்கும் தெரியாது. கேரளப் பக்கம் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுப் போகிறார்கள் என்றால் சாப்பாட்டை அரை மணி முன்னால் தள்ளுங்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு: கொய்யா, பப்பாளி, கீரை, தண்ணீர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு என்ன குறை, 2023-இல் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று. டீயும் வருக்கியும் நேந்திரங்காய் சிப்ஸும் பிள்ளை வயிற்றை அடைக்கின்றன, குறையுங்கள். ஆனால் விரிந்த குடலைப் பழம் மட்டும் கொடுத்துச் சரி செய்ய முடியாது.

2 பிப்ரவரி 2025

"செல்லம் கொடுத்துக் கெடுத்தது, எங்கள் காலத்தில் ஒரு சூடு வைத்தால் அடுத்த நாளிலிருந்து நின்றுவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், அப்போது நின்றது பிள்ளை சொல்வதுதான். பயத்தில் உடம்பு இன்னும் இறுகும். தொடையில் தழும்போடு ஒருவரை எனக்குத் தெரியும், ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது, எதற்காக வைத்தார்கள் என்று இன்றைக்கும் அவர் வாயால் சொல்லமாட்டார்.

வீட்டில் மட்டுமில்லை. வகுப்பில் நாற்றம் வருகிறது என்று பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைப்பதும், எழுப்பி நிறுத்திக் கேட்பதும் எங்கள் பையனுக்கு நடந்தது. முதல் வருடம், இப்போது இருக்கிற டீச்சர் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போய்ப் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிப் போங்கள், 'இந்தக் குழந்தைக்குக் கேட்டவுடன் அனுமதி தேவை' என்று. அந்தச் சீட்டு நான் பேசினதைவிட அதிகம் வேலை செய்தது.

3 பிப்ரவரி 2025

துணி விஷயம், இரண்டு பேர் கேட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் மாற்று ஜட்டி, ட்ரவுசர், ஈரத்துணி. வீட்டில் மூடி போட்ட ஒரு வாளி, பாதி தண்ணீர். 'இதில் போட்டுவிடு, யாரும் எதுவும் கேட்கமாட்டோம்' என்று ஒரு முறை சொன்னோம், சொன்னபடி யாரும் கேட்கவில்லை. ஒளிப்பது அந்த வாரத்தோடு நின்றது. அவனையே துவைக்க வைக்கலாமா? வாளியில் போடுவது அவன் வேலை, துவைப்பது நம் வேலை. தண்டனையாகத் துவைக்க வைக்காதீர்கள். நான் துவைத்தேன். ஆண்கள் படிக்கிறீர்கள் என்றால், நீங்களும் துவையுங்கள், மலைக்குப் போய்விட்டு வருகிற மனுஷி கையில் அதையும் கொடுக்காதீர்கள்.

23 பிப்ரவரி 2025

இது வேறு கேள்வி, ஆனால் பக்கத்து வீட்டுக் கேள்விதான். கம்பம்மெட்டுப் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள்: ஒன்பது வயது மகள், நாலு வயதிலிருந்து பாய் நனைக்காதவள், அப்பா வெளிநாடு போன பிறகு மறுபடி ராத்திரி நனைக்கிறாள், மனசு ஏங்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஏங்கியிருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் வீட்டில் ஏதாவது மாறியதா என்று பார்க்கத்தான் வேண்டும், அப்பா அம்மா பிரிவது, புதுப் பாப்பா, சாவு, பள்ளி மாற்றம். ஆனால் மனசு என்று முடிவு கட்டும் முன்னால் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள், தங்கச்சி. குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் சில சமயம் இப்படித்தான் தலைகாட்டும், கூடவே தாகம், எடை குறைவது. அப்படி இருந்தால் நாள் கடத்தக்கூடாது. சிறுநீரில் தொற்று இருந்தாலும் இப்படி வரும். இன்னொன்று, மலச்சிக்கல். நிறைந்த மலக்குடல் முன்னாலிருக்கும் சிறுநீர்ப் பையை அமுக்கும். வயிறு சுத்தமானதும் பாய் நனைப்பது நின்றுபோன பிள்ளைகள் நிறைய.

எப்போதுமே நனைக்கிற சின்னப் பிள்ளைகள் கதை தனி. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் ராத்திரி நனைக்கின்றன, வருடா வருடம் அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு எதுவும் செய்யாமலே நின்றுவிடுகிறது. அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், திட்டுகிற தாத்தாவே நனைத்தவராக இருப்பார். பிள்ளைக்கு அது தெரிந்தால் எவ்வளவு தெம்பு.

சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மலமோ சிறுநீரோ அடக்க முடியாமல் போய், கூடவே ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ கண்டு பயந்தால், தொட்டால் துடித்தால், யாராவது தவறாக நடந்திருக்கிறார்களா என்பதையும் பதறாமல் கேளுங்கள். எல்லாக் குழந்தைக்கும் இது காரணம் இல்லை, பெரும்பாலும் இல்லை. ஆனால் கேட்காமல் விடக்கூடாது. 1098 குழந்தைகள் உதவி எண், இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும்.

24 பிப்ரவரி 2025

நேற்று விட்டது. பிறந்து இரண்டு நாள் ஆகியும் முதல் மலம் போகாத குழந்தை, கால் பலவீனம், நடை மாற்றம், முதுகின் அடியில் குழி அல்லது முடிக்கற்றை, வயிறு உப்பி வாந்தி, எடை ஏறாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் சாதாரண மலச்சிக்கல் என்று விடாமல் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எங்கள் பக்கத்தில் க.விலக்கு தேனி மெடிக்கல் காலேஜ்.

16 மார்ச் 2025

போடி சகோதரி எழுதியிருக்கிறார், டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே மலம் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பவுடர் ஆரம்பித்து, பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறான். 'அப்படியென்றால் மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதானே, தங்கச்சிப் பாப்பா பொறாமையெல்லாம் சும்மாதானே' என்று கேட்கிறார்.

இதை நான் நிறைய யோசித்தேன். ஜனவரியில் நான் உடம்பைப் பற்றியே எழுதினேன், ஏனென்றால் அடி நிற்க வேண்டும் என்பது அவசரம். ஆனால் மனசுக்குச் சம்பந்தம் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் புரியும். மனைவியைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

பவுடர் கொடுத்துக் குடல் சுத்தமாகி, நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது 2024 ஐப்பசியில் ஒரு ராத்திரி பெரிய மழை. மலைப் பாதையில் மண் சரிந்து மனைவி வந்த ஜீப் நடுவழியில் நின்றுவிட்டது, போனும் கிடைக்கவில்லை, நள்ளிரவு தாண்டித்தான் வந்தாள். மறுநாளிலிருந்து பையன் மறுபடி அடக்க ஆரம்பித்தான். மருந்து அதே மருந்துதான், சாப்பாடு அதே சாப்பாடுதான். அப்போதுதான் டாக்டர் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு அம்மா, ஆலோசகர், அவனிடம் எதுவுமே கேட்காமல் படம் வரையச் சொன்னார். லயத்தை வரைந்தான், லெட்ரினை வரைந்தான், நடுவில் டார்ச் லைட்டோடு தாத்தா. ரொம்ப நாள் கழித்துத்தான் அவரிடம் சொன்னான்.

மாமனார் தவறின ராத்திரி அவன்தான் அவரை எழுப்பியிருக்கிறான், ஆய் வருது தாத்தா என்று. மழையில் கூட்டிப் போய்விட்டு வந்து படுத்தார். விடியும் முன் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். 'நான் எழுப்பாம இருந்திருந்தா தாத்தா செத்திருக்கமாட்டாருல்ல?' இதை ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். எங்களுக்கு ஆய் போவது ஆய் போவது மட்டும்தான். அவனுக்கு அது தாத்தாவைக் கொன்ற காரியம். ஜீப் வராத ராத்திரி, அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் லெட்ரின் போய்விட்டு வந்திருந்தான்.

ஐந்து, ஆறு, ஏழு வயதில் பிள்ளைகள் இப்படித்தான் கணக்குப் போடுவார்களாம், தான் நினைத்ததால், தான் செய்ததால்தான் உலகத்தில் எல்லாம் நடக்கிறது என்று. யாராவது எடுத்துச் சொல்லாதவரை அந்தக் கணக்கு அப்படியே இருக்கும். எங்கள் குழந்தை டாக்டர் அவனை உட்கார வைத்து, தாத்தாவின் இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் பல வருடமாகவே அடைத்துக்கொண்டு வந்தது என்று தாளில் வரைந்து காட்டினார், பாயில் படுத்திருந்தாலும் அதே நேரத்தில் வலி வந்திருக்கும் என்றார். அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டான். அப்புறம் அவனையும் மேலே லயத்துக்குக் கூட்டிப் போனோம். முதல் வருஷ திதிக்கு, சின்னப் பிள்ளை பயப்படும் என்று அவனை விட்டுவிட்டுப் போயிருந்தோம். மனைவியின் சொந்தக்காரர்கள் தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள், அவர் பன்றியைத் துரத்தின கதை, சிரித்தார்கள், அழுதார்கள். அவனும் அழுதான்.

அதனால் சகோதரி, மனசா உடம்பா என்று இரண்டில் ஒன்றைப் பிடிக்காதீர்கள். அடக்க வைத்தது அவன் துக்கம், அடக்கி அடக்கி விரிந்துபோனது குடல். துக்கத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் விரிந்த குடல் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும். பவுடரை மட்டும் கொடுத்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வந்திருக்கும். உங்கள் பையனிடம் பாப்பாவைப் பற்றிப் பேசுங்கள். பொறாமை என்று பெயர் வைக்காமல், 'பாப்பா வந்ததிலிருந்து உனக்கு எது கஷ்டமா இருக்கு' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். தினமும் கொஞ்ச நேரம் பாப்பா இல்லாமல் நீங்களும் அவனும் மட்டும்.

17 மார்ச் 2025

மனநலப் பிரிவு என்றதும் 'பைத்தியம்னு பேர் வந்துடும்' என்று ஒருவர். உள்ளே போனால் பாதிப் பேர் தூக்கம் வராதவர்களும் பரீட்சைப் பயக்காரர்களும்தான். நேரில் போக முடியாதவர்கள் 14416-க்குப் பேசலாம், டெலி மானஸ், 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்தது, தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறார்கள், காசு இல்லை.

இன்னொன்றும் சேர்க்கிறேன். இந்தப் பிள்ளைகள் எரிச்சலாக, முரட்டுத்தனமாக, யாரோடும் சேராமல் இருப்பதைப் பார்த்து, அதனால்தான் இது வந்தது என்பார்கள். பல பிள்ளைகளுக்கு முன்பின் மாறித்தான் நடக்கிறது. நாறுகிறாய் என்று நாள் முழுக்கக் கேட்டால் யார்தான் சிரித்த முகமாக இருப்பார்கள்? கசிவு நின்றதும் குணமும் மாறுவதை டாக்டர்களே சொல்கிறார்கள். நாங்களும் பார்த்தோம், தெருவில் பம்பரம் விளையாட ஆள் கூப்பிட்டால் இப்போது ஓடுகிறான்.

13 மே 2025

நேற்று சித்ரா பௌர்ணமி. வருடத்தில் ஒரே நாள் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு அவனைக் கூட்டிப் போனேன். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், நாங்கள் பளியங்குடி வழியாக நடந்தே ஏறினோம். காட்டு வழி, மேலே நீள வரிசை, டாய்லெட் வசதி கொஞ்சம்தான். போன வருடம் இதற்குப் பயந்தே போகவில்லை. கிளம்பும் முன் அவனே 'சாப்பிட்டுட்டு உக்காந்துட்டு வர்றேன், அப்புறம் போலாம்' என்றான். ஏறும் வழியில் ஒரு தடவை வந்தது, சொன்னான், ஒதுங்கிப் போய்விட்டு வந்தோம். அவ்வளவுதான் நடந்தது. அவனைவிட வேகமாக என்னால் ஏற முடியவில்லை.

இதை எழுதக் காரணம், போடி சகோதரி நேற்று கேட்ட கேள்வி: ஒரு மாதத்துக்கு மேல் ஒரு கறைகூட இல்லை, கோடை லீவும் வந்துவிட்டது, பவுடரை நிறுத்திவிடட்டுமா? நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது, புது வகுப்பு, புது டீச்சர், அந்த மாதத்தைத் தாண்டட்டும். டாக்டரிடம் கேட்டு, அவர் குறைக்கச் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குறைக்கும்போது ஒரு நாள் போகாவிட்டால் பரவாயில்லை, இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் பழைய அளவுக்குத் திரும்புவதா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் முதல் நாளே டீச்சரைப் பாருங்கள், அந்தச் சீட்டை மறக்க வேண்டாம்.